தேடாதவன் யார் என்று பார்

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறான்: “ண்ணா, ராத்திரி ஆனா பத்து பேர் சேர்ந்து அமாங் அஸ் ஆடுறோம். இம்போஸ்டர் யாருன்னு என்னால கண்டே புடிக்க முடியல. அதுகூடப் பரவால்ல, நான் க்ரூமேட்டா இருக்கிறப்பவே மூணு ஆட்டத்துல ரெண்டு ஆட்டம் என்னையே தூக்கி வெளிய போட்றானுங்க. பேச்ச வச்சு ஆளக் கண்டுபுடிக்கிறது எப்படி? நீங்க ரொம்ப நாளா ரூம் நடத்துறீங்களாமே.”

நடத்துகிறேன்தான். 2020 ஊரடங்கில் தண்டையார்பேட்டையில் எங்கள் கேரம் கிளப்பைப் பூட்டிப் போட்டதும், போர்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த அதே கும்பல் போனுக்குள் இறங்கியது. கேரமில் ஒளிக்க எதுவும் இல்லை. காயின் எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும், கை நடுங்கினால் நடுங்கியதுதான். அங்கே கெத்தாக இருந்தவன் எல்லாம் இந்த ஆட்டத்தில் முதல் மாதம் முழுக்க ஏமாந்தான். நானும்தான். இப்போதும் வாரத்தில் இரண்டு ராத்திரி ஆடுகிறோம். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஆடாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு விண்கலத்தில் பத்துப் பேர் சின்னச் சின்ன வேலை செய்துகொண்டிருப்பார்கள். அதற்குப் பேர் டாஸ்க். அதில் இரண்டு பேர் இம்போஸ்டர், அதாவது வேஷக்காரர்கள். மற்ற எட்டுப் பேர் க்ரூமேட், அதாவது நல்லவர்கள். இம்போஸ்டர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் அவர்களைத் தீர்த்துக்கட்டுவார்கள். பிணத்தைப் பார்த்தவன் ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் எல்லோரும் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, ஒருத்தனை வெளியே தள்ளலாம். அதுதான் மீட்டிங். ஆளுக்கு ஒரு நிறம். ஆட்டத்துக்குள் பேரைவிட நிறத்தைத்தான் சொல்லிக் கூப்பிடுவோம்.

முதலில் உன் கேள்வியிலேயே ஒரு கோளாறு. பேச்சை வைத்துக் கண்டுபிடிப்பது என்று நீ சொல்வது குரலை வைத்து, தடுமாற்றத்தை வைத்து, சிரிப்பை வைத்து என்றால், அதை இன்றோடு விட்டுவிடு. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்று இரண்டு ஆய்வாளர்கள் இதுபற்றி அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி 2006-ல் கணக்குப் போட்டார்கள். சோதனைகளில் தீர்ப்புச் சொன்னவர்கள் மட்டும் 24,000 பேருக்கு மேல். ஒருவர் சொல்வது பொய்யா நிஜமா என்று அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 100-க்கு 54 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். அந்த நாலுக்காகவா ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய்?

அதிலும் நம் பக்கத்துப் பேச்சை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ இரண்டு பேர் சௌக்கியம் விசாரித்துக்கொள்வதைக் கேட்டால் வெளியூர்க்காரன் விலக்கிவிட ஓடி வருவான். எங்கள் ரூமுக்கு ஒருமுறை கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன் வந்தான். முதல் மீட்டிங்கிலேயே “ஏனுங்க, எதுக்குங்க இப்படிச் சண்டை போடறீங்க” என்று கேட்டான். யாரும் சண்டையே போடவில்லை. அவன் மெதுவாக, மரியாதையாகப் பேசியதையே சந்தேகப்பட்டு எங்கள் ஆட்கள் அவனை வெளியே தள்ளினார்கள். பாவம், அவன் க்ரூமேட்.

அதைவிட மோசமான ஒன்றை நானே செய்திருக்கிறேன். எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பொண்ணு காலேஜில் படிக்கிறது. ரூமில் சேர்ந்த புதிதில் மைக்கே போடாது. கேட்டால் இரண்டு வார்த்தை டைப் செய்யும். “அமுக்கமா இருக்கு, இதுதான்” என்று நான் எடுத்துக்கொடுக்க, மூன்று ஆட்டம் தொடர்ந்து அந்தப் பொண்ணை வெளியே தள்ளினோம். மூன்றிலும் அது க்ரூமேட். நாலாவது நாள் அதுவே சொல்லிற்று: “அண்ணா, எங்க வீடு ஒரே ரூம். ஆயாவும் தம்பியும் பக்கத்துலயே தூங்குறாங்க. நான் எப்படிப் பேசறது?” போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விளையாடியிருக்கிறது. நான் திருட்டுத்தனம் என்று படித்தது ஆயாவின் தூக்கத்தை. அன்றிலிருந்து எங்கள் ரூமில் ஒரு சட்டம்: டைப் செய்கிறவர்கள் முடிக்கும்வரை மைக்கில் பேசுகிறவர்கள் பொறுக்க வேண்டும்.

அதே மாதிரி ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறவனையும் உடனே பிடிக்காதே. நெட் போயிருக்கும், இல்லை அம்மா கூப்பிட்டிருப்பாள்.

சரி, குரலும் வேண்டாம், அமைதியும் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது?

இந்த வகை ஆட்டத்தின் மூலம் மாஃபியா என்ற ஆட்டம். 1980-களின் பிற்பாதியில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவிதோவ் உருவாக்கியது. 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர் கதையாக மாற்றினார். அமாங் அஸ் 2018-ல் வந்து இரண்டு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, 2020-ல் ஊரெல்லாம் வீட்டில் அடைந்தபோது பற்றிக்கொண்டது. வேஷம் எத்தனை மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான்: எல்லாம் தெரிந்த சில பேர், எதுவும் தெரியாத பல பேர். நாம் சின்ன வயதில் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்ட ராஜா-ராணி-போலீஸ்-திருடன் ஆட்டத்தில் திருடனுக்குக்கூடத் தன்னைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இங்கே திருடன் இரண்டு பேர், ஒருத்தனை ஒருத்தனுக்குத் தெரியும். மற்ற எட்டுப் பேரும் நல்லவர்கள் என்பதும் தெரியும். பிணம் எங்கே கிடக்கிறது என்பதும் அதைப் போட்டவனுக்குத் தெரியும்.

எல்லோரும் இம்போஸ்டருக்குப் பயம் இருக்கும், அந்தப் பயத்தைப் பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். பழகிப்போனவனுக்குப் பயமே இருக்காது. ஆனால் எத்தனை ஆட்டம் ஆடினாலும் அவனுக்கு ஒரு தொல்லை தீராது. தெரிந்ததைத் தெரியாதவன் மாதிரி நடிக்க வேண்டும். அந்த நடிப்பில்தான் ஓட்டை விழும். நீ பார்க்க வேண்டியது அங்கேதான்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஸ்கெல்ட் என்ற விண்கல மேப். நேவிகேஷன், எலக்ட்ரிக்கல் எல்லாம் அதில் இருக்கும் அறைகள். பச்சை ரிப்போர்ட் அடித்தான். எல்லோர் மைக்கும் ஒரே நேரத்தில் திறந்தது. “எங்க?” “எங்கடா பாடி?” “இன்னாது, எங்க?” என்று நாலைந்து குரல். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஊதா நிதானமாக, “நான் நேவிகேஷன்ல இருந்தேன்ப்பா, வர்ற வழியில சிவப்புகூடப் பார்த்தான்” என்றான். பச்சை இன்னும் வாயே திறக்கவில்லை. சிவப்பும் “ஆமா, பார்த்தேன்” என்றான். அவன் பார்த்தது நிஜம்தான்.

அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை, ஊதாவை விட்டுவிட்டோம். ஆட்டம் தோற்றபின் யோசித்தால்தான் புரிந்தது. பாடி எங்கே என்று தெரியாதவனுக்கு, நேவிகேஷனில் இருந்தது தனக்கு நல்லதா கெட்டதா என்பதே தெரியாது. பாடியே நேவிகேஷனில் கிடந்திருந்தால்? தானே போய்த் தலையைக் கொடுத்த மாதிரி ஆகாதா? அந்தக் கவலை ஊதாவுக்கு இல்லவே இல்லை. பிணம் எலக்ட்ரிக்கலில், அதாவது மேப்பின் அந்தக் கோடியில் கிடப்பது அவனுக்குத் தெரியும். போட்டுவிட்டு இந்தக் கோடிக்கு நடந்து வந்து, சிவப்பின் கண்ணில் படும்படி நின்றிருக்கிறான். தேடுகிறவன் முதலில் கேள்வி கேட்பான். ஊதா கேள்வியே கேட்காமல் பதில் சொன்னான்.

இதைக் கண்டுபிடித்ததிலிருந்து எங்கள் ரூமில் ரிப்போர்ட் அடித்தவன் இடத்தைச் சொல்லவே கூடாது. முதலில் ஒவ்வொருத்தரும் கடைசியாக எங்கிருந்தார், எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் இடம். போலீஸ்காரர்கள் விசாரணையில் சில விவரத்தை வெளியே விடாமல் வைத்திருப்பார்களே, அதே கணக்கு. யாராவது “அந்த வென்ட் பக்கத்துலதானே?” என்று வாயை விட்டால், அங்கேயே முடிந்தது. (வென்ட் என்றால் இம்போஸ்டர் ஒளிந்து போகும் காற்றுக் குழாய்.)

இன்னொன்று. இம்போஸ்டர் விளக்கை அணைத்துவிட்டால் க்ரூமேட்டுக்குக் கண் தெரியும் தூரம் ஒரு சாண் ஆகிவிடும். இம்போஸ்டருக்கு வழக்கம்போலத் தெரியும். அதனால் விளக்கு போன நேரத்தில் நடந்ததைப் பற்றி யாராவது நீட்டி முழக்கினால் காதைத் தீட்டிக்கொள். “ஸ்டோரேஜுக்கு அந்தப் பக்கம் வெள்ளையும் நீலமும் போனாங்க” என்று இருட்டில் பார்த்துச் சொல்கிறவனுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது? பீலா விடுகிறான் என்றுகூடச் சொல்ல முடியாது, நிஜமாகவே பார்த்திருப்பான். பார்க்க முடிந்ததுதான் தப்பு.

அட்மின் டேபிளும் இப்படித்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதில் எந்த அறையில் எத்தனை பேர் என்று மட்டும் தெரியும், யார் என்று தெரியாது. “அட்மின்ல பார்த்தேன், எலக்ட்ரிக்கல்ல மஞ்சள் இருந்தான்” என்றால், மஞ்சளை அவன் வேறெங்கோ பார்த்திருக்கிறான், இல்லை கோர்த்து விடுகிறான். கம்யூனிகேஷனைக் கெடுத்து வைத்திருக்கும்போது அட்மினும் கேமராவும் வேலை செய்யாது. அந்த நேரத்தில் “கேமரால பார்த்தேன்” என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம்.

விவரமான இம்போஸ்டர் இதையெல்லாம் கற்றுக்கொள்வான், “எங்க?” என்று முதல் ஆளாகக் கத்தவும் கற்றுக்கொள்வான் என்று நீ கேட்கலாம். கற்றுக்கொள்வான். எங்கள் ரூமிலேயே இரண்டு பேர் அப்படித் தேறிவிட்டார்கள். ஆனால் அவனிடம் இரண்டாவது கேள்வி இருக்காது. நிஜமாகத் தேடுகிறவன் பதிலைக் கேட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போவான்: “ஸ்டோரேஜ்ல இருந்தியா, அப்போ நீலம் உன்னைத் தாண்டித்தானே போயிருக்கணும்?” என்பான். நடிக்கிறவனுக்கு அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேட்டுவிட்டுக் கம்முனு இருந்துவிடுவான், அல்லது ஏற்கெனவே மனதில் வைத்திருந்த பேருக்குத் தாவுவான்.

இதோடு சேர்ந்தது மனம் மாறுவது. க்ரூமேட்டின் சந்தேகம் மூலக்கடை சிக்னலில் நிற்கும் ஷேர் ஆட்டோ மாதிரி, எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. வெள்ளை என்பான், வெள்ளையின் பதிலைக் கேட்டதும் “அப்போ நீ இல்லயா? சே, அப்ப யாரு?” என்று குழம்புவான். அந்தக் குழப்பத்தை நடிப்பது ரொம்பக் கஷ்டம். இம்போஸ்டருக்கு யார் வெளியே போனாலும் லாபம்தான், அவன் கூட்டாளி தவிர. அதனால் ஒரு பேர் ஓடவில்லை என்றால் ஒரு விநாடிகூட நிற்காமல் அடுத்த பேருக்குப் போவான். வெள்ளை இல்லையா, சரி நீலம். நீலம் இல்லையா, சரி ஆரஞ்ச். ஒரு தப்பான சந்தேகம் கலைந்ததில் வரும் ஏமாற்றம் அவன் பேச்சில் இருக்காது.

சரி, டாஸ்க் பக்கம் வருவோம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். அட்மினில் கார்டு தேய்ப்பது, வயர் சேர்ப்பது இரண்டும் பொது டாஸ்க். வந்தால் எல்லோருக்கும் வரும், வராவிட்டால் யாருக்கும் வராது. உன் பட்டியலில் கார்டு இல்லாதபோது ஒருத்தன் கார்டு தேய்த்தேன் என்றால் அவன் கதை அவ்வளவுதான். மெட்பேயில் ஸ்கேன் பத்து விநாடி எடுக்கும், மேலே நின்றால் பச்சை வளையம் ஏறி இறங்கும். இம்போஸ்டரால் அதை வரவைக்க முடியாது. வெப்பன்ஸில் விண்கல்லைச் சுடுவதும் வெளியே தெரியும். ரூம் செட்டிங்கில் இந்தக் காட்சி டாஸ்க்குகளை அணைத்து வைத்திருந்தால் இந்தச் சாட்சி கிடையாது. ஆட்டம் தொடங்கும்முன் செட்டிங்கைப் படிக்காத ஆட்கள்தான் பாதி.

வென்ட் விஷயத்தில் ஸ்கெல்ட்டில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய். எலக்ட்ரிக்கல், மெட்பே, செக்யூரிட்டி மூன்றும் ஒரே குழாயில் சேர்ந்தவை. எலக்ட்ரிக்கலில் கொலை என்றால் “நான் மெட்பேல இருந்தேன்” என்பது சாட்சியே இல்லை. காலால் நடந்தால் சுற்று வழி, குழாயில் போனால் கண் சிமிட்டும் நேரம். எங்களில் பல பேர் ஆறு மாதம் வரைக்கும் மெட்பேயில் நின்றவனை முதல் ஆளாக விடுவித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் 2021 கடைசியில் புதிய வேடங்கள் வந்தபின் கண்ணால் பார்த்ததும் பொய்யாகலாம். என்ஜினியர் என்ற க்ரூமேட் வென்ட்டில் இறங்கலாம். ஷேப்ஷிஃப்டர் என்ற இம்போஸ்டர் உன் நிறத்திலேயே வந்து ஆளைப் போடலாம். இந்த வேடங்கள் இருக்கிற ரூமில் “வென்ட்ல பார்த்தேன், வோட்டு போடு” என்று குதிக்காதே. அவனிடமே கேள்.

கேள்வி கேட்கும் விதம்தான் இதில் பெரிய வித்தை. “நீ எங்க இருந்த?” என்று கேட்டால் அதற்கு எல்லோரும் பதில் தயாராக வைத்திருப்பார்கள். தயார் செய்யாத கேள்வியைக் கேட்க வேண்டும். நாங்கள் இப்படிக் கேட்போம்: “கடைசியா நீ நின்ன இடத்துலேந்து பின்னால நடந்து வா. அதுக்கு முன்னாடி எங்க, அதுக்கு முன்னாடி எங்க, வழியில யாரு?” கதையை முன்னாலிருந்து பின்னால் சொல்வது எல்லோருக்கும் வரும். பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொன்னால், எங்கள் ரூமில் பார்த்தவரை, நிஜமாக நடந்தவன் தடுமாறித் தடுமாறி, “இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி வயர் பார்த்தேன்” என்று திருத்திக்கொண்டே வருவான். கட்டிய கதை அப்படித் திரும்பாது. ஒன்று வழவழவென்று வரும், இல்லை நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழும். ஆல்டர்ட் விரிய் என்ற உளவியலாளர் நிஜ விசாரணைகளுக்காகச் சோதித்துப் பார்த்த கேள்வி முறை இது. எதிர்பாராத கேள்வி, பின்னோக்கிய வரிசை. தடுமாற்றம் என்றாலே பொய் என்று நினைக்கிற நம் ஆட்களுக்கு இதுதான் புரிய மாட்டேன் என்கிறது. திருத்திக்கொண்டே வருகிறவனைத்தான் கொஞ்சம் நம்பலாம்.

இப்போது எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: ஓட்டுக் கணக்கு.

எங்கள் ரூமில் ஒரு அண்ணன் இருக்கிறார். காசிமேட்டில் மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறவர். ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் “நான் கிளம்பறேன்ப்பா, படகு வந்துடும்” என்று போய்விடுவார். ஆட்டத்தில் கை வேகம் கிடையாது, மேப்பில் வழி தவறுவார், டாஸ்க்கில் பாதி முடிக்க மாட்டார். ஆனால் இம்போஸ்டரைப் பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு மீட்டிங்கிலும் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள், யார் யாருக்குமே போடாமல் ஸ்கிப் செய்தார்கள் என்று நிறத்தின் முதல் எழுத்தைப் போட்டு எழுதிக்கொண்டே வருவார்.

ஒருமுறை ஏழு பேர் மிச்சம். ஆரஞ்ச் அதற்கு முந்தின மீட்டிங்கில் வெளியே போய், இம்போஸ்டர் என்று திரையில் காட்டியிருந்தது. மிச்சம் ஒருத்தன். எல்லோரும் வெள்ளையைக் குதறிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் வெள்ளை ஆரஞ்ச்சுக்கு ஓட்டுப் போடவில்லை, ஸ்கிப் அடித்திருந்தான். அண்ணன் மெதுவாக, “கொஞ்சம் இருங்கப்பா” என்றார். நோட்டைப் பார்த்துப் படித்தார். முதல் மீட்டிங்கில் ஆரஞ்ச் சந்தேகப்பட்டது வெள்ளையை. இரண்டாவதில் நீலத்தை. மூன்றாவதில் மறுபடி வெள்ளையை. “இவ்ளோ பேரு மேல பாஞ்சவன் கருப்பு பேர ஒரு தபா கூட எடுக்கல. கருப்பும் அவன் பேர எடுக்கல. கடைசில எல்லாரும் போட்டதுக்கு அப்புறம் ஆறாவது ஓட்டா போட்டான், அதுவும் இனிமே தப்பிக்க வழியில்லன்னு தெரிஞ்ச பிற்பாடு.” கருப்பு நான்தான். மூன்று மீட்டிங்காக அசால்ட்டாகத் தப்பி வந்தவன் அதோடு காலி.

எப்படிண்ணே என்று கேட்டேன். “ஏலத்துல பார்த்ததுதான். ரெண்டு பேரு உள்ளுக்குள்ள கூட்டு போட்டுட்டு வந்திருந்தா, ஒருத்தன் கேட்ட வெலைக்கு மேல இன்னொருத்தன் ஏத்தவே மாட்டான். மத்தவன் கேட்டா ஏத்துவான். அவன் இன்னா கேக்குறான்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. எப்பக் கேக்காம நிக்கிறான்னு பார்த்தாத் தெரிஞ்சுரும்.”

இதை அப்படியே எடுத்துக்கொள். ஒரு இம்போஸ்டர் மாட்டியபின் பாதி வேலை முடிந்துவிட்டது. போனவன் யாரையெல்லாம் குற்றம் சொன்னான், யாரை விட்டுவிட்டான்? அவன் மாட்டும்போது யார் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள்? யார் ஓட்டு எந்த வரிசையில் விழுந்தது? மூன்றாவது கேள்விக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. கூட்டாளி எப்படியும் போகப்போகிறான் என்று தெரிந்தால், தானே முதல் ஆளாகக் காவு கொடுத்து நல்ல பேர் வாங்குகிறவனும் இருக்கிறான். அப்படிப்பட்டவனை ஓட்டில் பிடிக்க முடியாது. அதற்கு முந்தின இரண்டு மீட்டிங்கில் அவன் கூட்டாளியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்ததில்தான் பிடிக்க வேண்டும். ஓட்டு யாருடையது என்று தெரியாதபடி செட்டிங் இருந்தால் இந்தக் கணக்கே போட முடியாது. உன் ரூமில் அதை முதலில் மாற்றச் சொல்.

எண்ணிக்கையையும் கவனி. இரண்டு இம்போஸ்டரும் உயிரோடு இருந்து மொத்தம் ஐந்து பேர் என்றால், அந்த மீட்டிங்கில் தப்பான ஆளைத் தள்ளினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது, இரண்டுக்கு இரண்டு. இரண்டு பக்கமும் சமமானால் இம்போஸ்டர் ஜெயித்துவிடுவான். ஸ்கிப் செய்தாலும் அடுத்த கொலையில் அதே கதி. ஏழு பேரில் ஒருத்தனைத் தப்பாகத் தள்ளினால் ஆறு. இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டால் அங்கேயும் இரண்டுக்கு இரண்டு. அதனால் ஒன்பதிலும் பத்திலும் வாய்க்கு வந்தபடி ஓட்டுப் போட்டு ஆளைக் குறைக்காதே. அங்கே ஸ்கிப் அடித்தால் கோழைத்தனம் என்று சிலர் சீன் போடுவார்கள். அந்தச் சிலரின் பேரையும் நோட்டில் எழுதிக்கொள்.

முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் ரூமில் இந்த நோட்டெல்லாம் செல்லாது. அங்கே யாரும் பொறுமையாகப் பேச மாட்டார்கள், “சஸ்”, அதாவது சந்தேகம், என்று ஒரு வார்த்தை டைப் செய்துவிட்டு ஓட்டுப் போட்டுப் போய்விடுவார்கள். அங்கே ஸ்கேன், கார்டு, வென்ட் மாதிரிக் கெட்டியான சாட்சியை மட்டும் நம்பு.

உன் இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது. உன்னையே ஏன் தள்ளுகிறார்கள்? நீ எழுதியதிலிருந்து ஒரு யூகம். உன்மேல் சந்தேகம் வந்ததும் “நான் இல்லடா, சத்தியமா நான் இல்ல, அம்மா மேல ஆணையா” என்று தொடங்குகிறாய் என்று நினைக்கிறேன். அம்மா மேல் ஆணை என்பதில் விவரம் ஒன்றும் இல்லை. அதைக் கேட்கிறவனுக்கு உன்னை விடுவிக்க ஆசை இருந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு கிடைக்காது. யாராவது கேட்பதற்குள் உன் வழியை நீயே இரண்டு வரியில் சொல்: எங்கே இருந்தாய், என்ன டாஸ்க், யாரைப் பார்த்தாய். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கினால் விளக்க விளக்க ஓட்டை பெரிதாகும்.

அப்புறம், உன் சந்தேகம் மாறினால் அதை வெளியே சொல். “நான் நீலம்னு நினைச்சேன், ஆனா அவன் சொல்றது ஒத்துப்போவுது, இப்போ தெரியல” என்று வாய்விட்டுக் குழம்பு. மனசுக்குள்ளேயே குழம்பிவிட்டு முடிவை மட்டும் சொல்கிறவன் பார்ப்பதற்கு இம்போஸ்டர் மாதிரியே இருப்பான். நீ தேடுவது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆட்டத்துக்குள் தனியாகவே திரியாதே. ஸ்கேன் டாஸ்க் வந்திருந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் அவன் கண் எதிரில் செய். கடைசிவரை உன் பக்கம் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது, பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து ஆடுகிறவர்களுக்கு. எங்கள் தெருவில் ஐந்து பேர் ஆடுகிறோம். ஆளைப் போட்டதும் செத்தவன் மைக்கை மூடிவிட்டுத்தான் “ஐயோ பாவி” என்று கத்துகிறான். ஆனால் அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக நாலு வீட்டுக்கும் நெட்டைவிட வேகமாக வந்து சேருகிறது. இதற்கு இதுவரை எந்தச் சட்டமும் எடுபடவில்லை. இப்போதைக்கு ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு எங்கள் ரூமில் ஒரு இடம் காலியாக இருக்கும், வந்து பார். இரண்டு ஆட்டம் சும்மா உட்கார்ந்து, யார் “எங்க?” என்று கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்பதை மட்டும் எழுது. நிறம் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பழுப்பை மட்டும் தொடாதே. அது ஏலக்கார அண்ணனுடையது. யாராவது எடுத்துவிட்டால் ஒரு மணி வரைக்கும் அதையேதான் பேசிக்கொண்டிருப்பார்.